இரண்டு கூடை அத்திப்பழம்

பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் அவளுக்கு 'மூக்கு அக்கா' என்றுதான் பெயர். மூடிய பெட்டிக்குள் ஒரே ஒரு பழம் கெட்டிருந்தாலும் மோந்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே வாடிப்போவது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

சாலையை அகலப்படுத்தத் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளை இடித்தார்கள். இவர்களுடையது அந்தப் பக்கம். கணவரின் அண்ணன் வீடு எதிர்ப்பக்கம், அது தப்பித்தது. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அந்தப் பெரிய மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். "ஆண்டவர் யாரை எங்க வைக்கணுமோ அங்கதான் வைப்பாரு தம்பி," என்றார். தம்பி அந்தப் பேச்சையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் கிடைத்த புது வீட்டில் பிழைப்புக்கான தையல் மிஷினைக்கூடக் கட்டுப் பிரிக்கவே இல்லை. கேட்டால், "இது தண்டனை. தண்டனைக்கு வந்த இடத்துல யாராவது கடை போடுவாங்களா?" என்பார்.

இத்தனைக்கும் மாடிப்படிக்குக் கீழே கடை போட இடம் தருவதாகக் காவலாளியே சொல்லியிருந்தார். அதே இடத்துக்குச் செல்போன் ரிப்பேர்காரர் ஒருவர் நடையாய் நடந்துகொண்டிருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கத்தரிக்கோல் பிடித்த கை சும்மா கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

வேலை முடிந்து அவள் வந்தபோது அவர் வேதாகமத்தை விரித்து வைத்திருந்தார்.

"வா, நம்ம கதைதான்," என்று வாசித்தார். ஆலயத்துக்கு முன்னால் இரண்டு கூடை அத்திப்பழம். ஒன்றில் நல்ல பழம். மற்றதில் வாயில் வைக்க முடியாத அழுகல். எதிரி சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு ஒரு கூடை அடையாளம், ஊரில் தங்கியவர்களுக்கு மற்றது. அதோடு நிறுத்திப் பெருமூச்சு விட்டார்.

"ஊரை விட்டுப் போக வேண்டி வந்தவங்க எந்தக் கூடை?" என்று கேட்டாள்.

"இதுல கேக்க என்ன இருக்கு? அழுகல்தான்."

"அப்படின்னு எழுதியிருக்கா?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு வாசித்தார். சிறைப்பட்டுத் தூர தேசம் போனவர்கள்தான் நல்ல பழம். நன்மைக்காகவே அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறார் ஆண்டவர். அழுகல், ஊரிலேயே தங்கியவர்கள். அவர் பலமுறை படித்த பக்கம்தான். மண்டையில் ஏறாமலே போயிருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க கொட்டகையிலயும் இதேதாங்க. தாங்குற பழத்தைத்தான் தூரத்துக்கு அனுப்புவோம். தாங்காததை வாசல்லயே கூறு போட்டு வித்துடுவோம்."

"அப்போ எங்க அண்ணன்..."

"அவரை அழுகல்னு நான் சொல்லலைங்க. அந்த வம்பு நமக்கெதுக்கு?"

"போனவங்களும் பாவம் பண்ணவங்கதானே. தண்டனை இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. லாரியில ஏத்தினா பழம் அடிபடத்தான் செய்யும். ஆனா அனுப்பினவரு நம்ம மேலிருந்து கண்ணை எடுக்கலையே. அது போதாதா?"

அவர் புத்தகத்தை மூடினார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். என்ன சொல்லப் போகிறாரோ தெரியவில்லை. மனசு கேட்காமல் பின்னாலேயே இறங்கி, முதல் மாடியில் நின்றுகொண்டாள்.

கீழே காவலாளி கேட்டுக்கொண்டிருந்தார். "பழைய இடத்துக்கே திரும்பிப் போற யோசனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எத்தனை மாசத்துக்கு வேணும்?"

அவள் கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மாசக்கணக்கெல்லாம் வேண்டாங்க," என்றார் அவள் கணவர். "நாங்க இங்கதான் குடியிருக்கோம்."