மௌத்தான பின் விழுந்த கையெழுத்து

உலகத்தை விட்டுப் போய் மௌத்தான என் கணவர் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. அதை ஒளித்துவிட்டால் அல்லாஹ் எனக்குச் செய்த உதவி உங்களுக்கு விளங்காது, சகோதரிகளே. ஆகவே வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த வருடம் அது. கல்முனைக் கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டை அதற்கு நாலைந்து வருடம் முன்பே சுனாமி கொண்டுபோயிருந்தது. எனக்கும் என் ஒரே மகளுக்கும் உள்ளே தள்ளி ஒரு சிறிய வீடு கிடைத்திருந்தது. சட்டை தைத்துச் சீவித்தோம். ஒரு முற்பகல் நீதிமன்ற ஆள் அழைப்பாணை கொண்டுவந்தார். என் கணவரின் பழைய கடன் அட்டைக் கடனை வட்டியோடு கட்டச் சொல்லி ஒரு வங்கி என் மீது வழக்குப் போட்டிருந்தது. தோற்றால் வீடும் போகலாம் என்றார்கள்.

என் கணவர் மருதமுனையில் நெய்த சாரங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்றவர். மாதத்தில் பாதி நாள் அங்கே ஒரு லொட்ஜில் தங்குவார். அவர் அட்டை எடுத்தபோது பிணை நின்றது நான்தான். "இதுல ஒரு ஒப்பம் வைங்க" என்றார். வைத்தேன். என்ன தாள் என்று கேட்கவில்லை.

அழைப்பாணையோடு வந்த கணக்குத் தாள்கள் இங்கிலீஷில் இருந்தன. மகள் வாசித்துச் சொன்னாள். கொழும்பில் ஒரு நகைக் கடை. ஒரு போன் கடை. பிறகு நிறுத்தினாள்.

"உம்மா, இதெல்லாம் ஜனவரி, பெப்ரவரி."

"அதுக்கென்ன?"

"வாப்பா மௌத்தானது டிசம்பர்லதானே?"

சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. அவர் மௌத்தானதும் அன்றுதான். அட்டையில் நகை வாங்கியிருப்பது அதற்குப் பிறகு.

அவருடைய ஜனாஸாவை நான் பார்க்கவில்லை. அன்று கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நாலாம் நாள் அவருடைய மூத்த சகோதரர் வந்து, "தம்பிய அடக்கிட்டம்" என்றார். அவரை நாங்கள் காக்கா என்போம். அவர் சொன்னதை நம்பி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை இருந்தேன். அத்தனை வருடமும் சந்தேகப்பட்டதில்லை.

இப்போது ஷைத்தான் போடும் சந்தேகமான வஸ்வாஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்று, அவர் உயிரோடு இருக்கிறார்; கொழும்பில் வேறு குடும்பம் இருக்கிறது; காக்காவுக்கு அது தெரியும். இல்லாவிட்டால் இறந்து கிடந்த அவருடைய மையத்தின் மடியிலிருந்து காக்கா அட்டையை எடுத்திருக்கிறார். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்முனை பஸ் நிலையத்தில் யாராவது உயரமான ஆள் முதுகு காட்டி நின்றால் சுற்றிப் போய் முகத்தைப் பார்ப்பேன். காக்கா ஒவ்வொரு போகமும் எங்களுக்கு நெல் அனுப்புவார். குற்றத்தை மூடத்தான் அனுப்புகிறார் என்று அந்த முறை வந்த மூட்டையைத் திருப்பி அனுப்பினேன். எனக்காக வழக்குப் பேசியவர் காரைதீவுச் சட்டத்தரணி, ஒரு பெண்பிள்ளை. "அக்கா, குறைச்சுத் தந்தா போதும் எண்டு அவங்க கேட்டா சமாதானமாப் போக விருப்பமா?" என்று கேட்டார். இவரையும் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் தாங்க முடியாமல் காக்கா இருக்கும் சம்மாந்துறைக்கு பஸ் ஏறினேன். காக்கா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"காக்கா, அவரு உசிரோட இரிக்காரா?"

அவருக்கு விளங்கவில்லை. தாளை நீட்டினேன்.

"மௌத்தானவரு நகை வாங்குவாரா? இல்லாட்டி அவருட காட் ஒங்களுக்கிட்டயா இரிந்த?"

அவர் தாளை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"தங்கச்சி, எண்ட கையாலதான் அவனக் கபுருல வெச்சன். முகத்தப் பாத்து அடையாளம் காண ஏலாமப் போச்சி. கால்ல ஒட்டின விரலப் பாத்துத்தான் எண்ட தம்பி எண்டு கண்டன். அதச் சொல்லி ஒன்ன நோகடிக்கப் படா எண்டுதான் இவ்வளவு நாளும் கதைக்காம இரிந்தன்."

என் கணவருக்குக் காலில் இரண்டு விரல் ஒட்டித்தான் இருந்தன. ஆனாலும் என் மனம் என்ன சொன்னது தெரியுமா? முகத்தைப் பார்க்கவில்லையே, வேறு யாரையோ அடக்கியிருக்கலாமே என்றது. காக்கா அழுதார். நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அஸர் தொழுதேன். அதுவரை வழக்கை வெல்ல வை என்றுதான் துஆக் கேட்டு வந்தேன். அன்று அது வாயில் வரவில்லை. "யா அல்லாஹ், அவர் உயிரோடு இருந்தால் அதைக் காட்டு. காக்கா கள்ளன் என்றால் அதைக் காட்டு. நான்தான் பாவி என்றால் அதையும் காட்டு. உள்ளதை எனக்குக் காட்டு" என்று தொழுகை விரிப்பான முசல்லாவில் விழுந்து அழுதேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டது அது ஒன்றைத்தான்.

வழக்கை எடுத்த அடுத்த தவணையில் சட்டத்தரணி எழும்பி, கணக்குத் தாள் போதாது, அட்டையைக் கையேற்றவரின் ஒப்பமும் கடைகளில் ஒப்பம் வைத்த துண்டுகளும் வேண்டும் என்று கேட்டார். வங்கிப் பக்கம் இரண்டு தவணை இழுத்தடித்தது. கொண்டுவரத்தான் வேண்டும் என்று நீதிபதி கட்டளை போட்டார்.

மூன்றாம் தவணையில் கட்டு வந்தது. நீதிமன்ற விறாந்தையில் என்னை ஒரு நீண்ட மர வாங்கில் இருத்தி, சட்டத்தரணி ஒவ்வொரு தாளாகக் காட்டினார்.

"அக்கா, இது அவரோட போன காட் இல்ல. அந்தப் பழைய காட்டோட காலம் டிசம்பரோட முடிஞ்சி போச்சி. வங்கி புதுசா ஒண்டை அந்த லொட்ஜுக்கு அனுப்பி இருக்கு. அவர் இறந்து மூணாவது கிழமை யாரோ ஒப்பம் வச்சி எடுத்திருக்காங்க."

அந்த ஒப்பத்தைப் பார்த்தேன். இங்கிலீஷில் ஓடிய எழுத்து. கடைத் துண்டுகளிலும் அதே எழுத்து. என் கணவருக்கு இங்கிலீஷ் எழுத வராது. தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதித்தான் ஒப்பம் வைப்பார்.

நீதிமன்றத்தில் கொடுக்க மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுபோயிருந்தேன். சட்டத்தரணி அதை வாங்கி அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே தேதி. கொழும்பில் யாரோ அட்டையை வாங்கிய அதே நாளில், கல்முனையில் பதிவாளருக்கு முன்னால் தம்பியின் மரணத்தைச் சொல்லி ஒப்பம் வைத்திருந்தார் காக்கா. அத்தனை வருடமும் அந்தப் பத்திரம் என்னிடம்தான் இருந்தது. நான் தேதியைப் பார்த்ததே இல்லை.

அந்த வாங்கிலேயே வாய்விட்டு அழுதேன். என் மனதுக்குள் அவர் மௌத்தானது அன்றுதான்.

அந்தத் தாள்களைக் கண்டதும் வங்கி அன்றே வழக்கைக் கைவிட்டது. அட்டையை வாங்கியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த லொட்ஜும் மூடிவிட்டார்களாம். அந்தக் கணக்கை அல்லாஹ்விடம் விட்டுவிட்டேன்.

நீதிமன்றத்திலிருந்து நேரே சம்மாந்துறைக்குப் போய்க் காக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே மன்னிக்கவில்லை.

"கேஸ் வெண்டது நல்லம். எனக்கு ஆறக் கொஞ்ச நாள் வேணும், தங்கச்சி" என்றார்.

அதற்கும் துஆக் கேட்டுக் காத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவராகவே வந்தார். "வா, அவன் எங்க கிடக்கான் எண்டு காட்டுறன்" என்றார். அவரை அடக்கிய மையவாடியின் மதிலுக்கு வெளியே என்னையும் மகளையும் நிறுத்தி, உள்ளே ஓர் இடத்தைக் கையால் காட்டினார். மூன்று பேரும் அங்கேயே நின்று அவருக்காகத் துஆச் செய்தோம். போன வருடம் என் மகளின் நிக்காஹுக்கு வாப்பாவின் இடத்தில் பொறுப்பு நிற்கும் வலியாக இருந்து கைபிடித்துக் கொடுத்ததும் காக்காதான்.

இப்போது எந்தத் தாளையும் வாசித்துக் கேட்காமல் நான் ஒப்பம் வைப்பதில்லை. தைக்க வரும் பெண்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சகோதரிகளே, யார் மீதாவது சந்தேகம் வந்து உங்கள் நெஞ்சை அரித்தால், அந்த ஆளின் வாசலுக்குப் போகுமுன் முசல்லாவுக்குப் போங்கள். எனக்குச் சாதகமானதைத் தா என்று கேட்க வேண்டாம். உள்ளதைக் காட்டு என்று கேளுங்கள். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் கேளுங்கள். அவன் காட்டுவான். அல்ஹம்துலில்லாஹ்.