மூன்று குத்து

ஊசியம்மாவுக்கு முகம் மறந்துபோகும், நரம்பு மறக்காது. கல்லூரி மருத்துவ அறையில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். "மொதமொதல்ல பாத்தப்போ என் முகத்தையா பாத்தா? முழங்கையத்தான் பாத்தா" என்று அவர் கணவர் இன்றும் புலம்புவார். ரத்தம் எடுத்ததும் பதிவேட்டில் பெயருக்கு எதிரே எந்தக் கை, எத்தனை குத்து என்று எழுதிவைப்பது ஊசியம்மாவின் பழக்கம். அடுத்த முறை பிள்ளைக்கு வலிக்கக் கூடாதே!

அந்த வருடம் கல்லீரலை அரிக்கும் கிருமிக்கான பரிசோதனைக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ரத்தம் கொடுத்தால் பத்து நாள் வருகை இனாம் என்று முதல்வர் அறிவித்தார்.

"மீனுக்குத்தான் சார் புழு வைக்கணும்" என்று ஊசியம்மா சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறுநாள் வரிசை வாசலைத் தாண்டியது. இருநூறு பேர், அடையாள அட்டையை முகத்தோடு ஒப்பிட அவருக்கு எங்கே நேரம்?

ஒரே ஒரு பெயருக்குக் கிருமி உண்டு என்று முடிவு வந்தது. மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்ய அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு வந்தாள். அவள் கையைத் தொட்டதும் ஊசியம்மா நிமிர்ந்தார். நரம்பு கயிறு மாதிரி இருந்தது. பதிவேட்டிலோ 'இடது கை, மூன்று குத்து, நரம்பு வழுக்கும்' என்றிருந்தது.

"கண்ணு, அன்னைக்கு ரத்தம் குடுத்தது நீ இல்லதானே?"

அவள் உடைந்து அழுதாள். வருகை குறைவு, பரீட்சை போய்விடும். ஊசி என்றாலோ உயிர் போய்விடும். "என் ஃப்ரெண்டுதாம்மா குடுத்தா. அவ ஒருநாள்கூட லீவு போட்டதில்ல. அவளுக்கு எதுக்கு இந்தப் பத்து நாள்? எனக்காகத்தான் வந்தா. பேரச் சொன்னா ரெண்டு பேரையும் பரீட்சைக்கு விடமாட்டாங்க."

"பேர யாரு கேட்டா? இப்பவே பாத்துட்டா மாத்திரையிலயே சரியாயிடும். தினம் நாலு மணிக்கு மேல நான் தனியா இருப்பேன்னு மட்டும் அவகிட்ட சொல்லு."

பேச்சோடு பேச்சாக இவள் ரத்தத்தையும் எடுத்துவிட்டார். ஒரே குத்து.

பிறகு நேரே முதல்வரிடம் போய் நடந்ததைச் சொல்லி, சலுகையை நிறுத்தச் சொன்னார்.

"ஆள்மாறாட்டமா? யாரு? பேரக் குடுங்க."

"வெளிய சொல்லமாட்டேன்னு சொல்லித்தான் சார் ரத்தம் வாங்கினேன்."

"உங்க வேலை என் கையில இருக்கு, தெரியுமில்ல?"

"வேலை உங்க கையில. பேரு என் கையில."

சம்பளம் வாங்குகிற இடத்தில் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? சாயங்காலமே அறிவிப்புப் பலகையிலிருந்து அந்தச் சலுகைத் தாள் இறங்கியது.

இரண்டு நாள் நாலு மணிக்கு மேல் யாரும் வரவில்லை. ஊசியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை வராமலே போய்விட்டால்? மூன்றாம் நாள் ஒருத்தி கதவோரம் நின்றாள்.

"தலைவலி மாத்திரை இருக்காம்மா?"

ஊசியம்மா அவள் இடது கையைப் பிடித்தார். விரலுக்கடியில் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப வருகை எதுவும் கிடையாதும்மா, தெரியுமில்ல?"

"தெரியும். எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆக விட்டுருவேனா?"

வெந்நீர்த் துணியால் கையைச் சூடாக்கிப் பொறுமையாக எடுத்தார். இந்த முறை ஒரே குத்துதான். குழாயில் ஒட்டும் சீட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இந்தத் தடவ உன் சொந்தப் பேரையே எழுதிக்கட்டுமா?"

அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு அவள் தன் பெயரைச் சொன்னாள்.