இரண்டாவது தடவை வைத்த விரல்

ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா, எது நல்லது என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். ராஜபாளையத்து மில் வாசல்களில் குடை போட்டுப் பன்னிரண்டு வருடம் சிம் விற்றவன் நான். ப்ரீபெய்டில் டெபாசிட் இல்லை. மாதக் கடைசியில் பில் வந்து பயமுறுத்தாது. பத்து நிமிடத்தில் நம்பர் கையில். ரீசார்ஜ் தீர்ந்தால் வாயை மூடிக்கொள்ளும், அது ஒரு குறை. பெரிய குறை அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது. அதைச் செய்தவனே சொல்கிறேன்.

அன்று மதியம் ஷிப்ட் மாறும் நேரம். ஏரியா மேனேஜர் போனில் கத்தினார். "இன்னும் அஞ்சு ஆக்டிவேஷன் வரலைன்னா குடையை மடக்கிட்டு வீட்டுக்குப் போயிருய்யா!"

அப்போது வந்தவர் செல்வமேரி. செட்டியார்பட்டியிலிருந்து மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் வேலைக்கு வருகிறவர். ஆதார் நம்பரை அடித்து, மிஷினில் விரல் வைக்கச் சொன்னேன். முதல் தடவையே ரேகை விழுந்துவிட்டது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "விழலையேக்கா, இன்னொருக்க வைங்க" என்றேன்.

நூல் ஓடி ஓடி வைண்டிங்காரர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையிலும் நாலு தடவை வைத்துப் பழகியவர்கள். "எங்க விரலு அப்படித்தான் அண்ணாச்சி" என்று சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அவர் பெயரிலேயே இன்னொரு சிம் தயார். அதை ஒரு ஏஜென்ட் வாங்கிப் போனான். எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

ஆறு மாதம் கழித்து மில் கேட்டில் செல்வமேரியைத் தேடிப் போலீஸ் வந்து நின்றது. அந்த இரண்டாவது நம்பரிலிருந்து பேசி யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள். கேஸ் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். கணவர் இல்லாத வீடு. அந்த வேலையில்தான் அடுப்பு எரிந்தது. செல்வமேரி நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கதான சிம் போட்டுத் தந்தீக. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி."

போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன்.

அங்கே அவர் எனக்காகப் பேசினார். "இவிய மேல தப்பில்ல சார். என் விரலு தேஞ்சது. ரெண்டு தடவ வச்சும் பொறுமையாப் போட்டுத் தந்தாவ."

இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பரை என் முன்னால் தள்ளினார். இரண்டு சிம், ஒரே மிஷின், நாலு நிமிட இடைவெளி. "இப்ப நீரே சொல்லும்வே" என்றார். சொன்னேன். தைரியத்தில் அல்ல, வேறு வழியில்லாமல்.

செல்வமேரி என்னைத் திட்டவில்லை. "அப்ப மொதத் தடவையே விழுந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

கேஸ் என் மேல் திரும்பியது. இன்னும் வாய்தாவுக்குப் போய் வருகிறேன். அவரை மில்லில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அங்கே வருகைப் பதிவுக்குத் தினமும் மிஷினில் விரல் வைக்க வேண்டும். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். இப்போது கூலிக்குக் களையெடுக்கப் போகிறார்.

ப்ரீபெய்டே வாங்குங்கள், தப்பில்லை. விற்பவன் இரண்டாவது தடவை விரல் கேட்டால், முதல் ரேகை விழுந்ததா இல்லையா என்று திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அவனுக்குக் கோபம் வரும். அன்று செல்வமேரி கேட்டிருந்தால் எனக்கும் வந்திருக்கும். ஆனால் காட்டியிருப்பேன்.