வலது ஓரத்தில் விழாத பெயர்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று நடந்தது இது. திருப்பரங்குன்றத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறோம். மரப்பலகை, அக்ரிலிக் போன்றவற்றில் லேசர் மிஷினால் பெயர் பொறித்துக் கொடுப்பது தொழில். கம்ப்யூட்டர் வேலையை அவள் பார்ப்பாள், மிஷின் என் பொறுப்பு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையாவது திருகிப் பார்க்காவிட்டால் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் நான் கழற்றிப் பார்க்காத மிக்ஸி கிடையாது.

அன்று காலையில் பேரையூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். விவசாயம் பார்ப்பவர், என்னைவிட இளையவர். துண்டில் சுற்றிய நீளமான தேக்குத் தட்டு ஒன்றை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மறுநாள் அவருடைய தங்கை மகளுக்குக் காதணி விழா. தோட்டையும் பட்டுப்பாவாடையையும் வைத்துச் சீர் கொண்டு போவதற்காக ஆசாரியிடம் சொல்லிச் செய்த தட்டு அது. இடது பக்கம் பெரிதாகக் குழந்தையின் பெயர், வலது ஓரத்தில் ‘தாய்மாமன்’ என்று போட்டு அவருடைய பெயர். மாலைக்குள் வேண்டும் என்றார்.

என் ஓரகத்தி சும்மா இருப்பாளா? “தங்கச்சி மேல உங்களுக்கு இம்புட்டுப் பாசமாண்ணே?” என்று கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“தோட்டத்தப் பிரிச்சதுல மனத்தாங்கல்மா. பேச்சுவார்த்த இல்ல. மச்சான்தேன் வந்து பத்திரிகை வச்சுட்டுப் போனாரு. தங்கச்சி இன்னும் வாயத் திறக்கல. அதுக்காகத் தாய்மாமன் போகாம இருக்க முடியுமா?”

தட்டு ஒன்றே ஒன்றுதான். தப்பாகப் போனால் மாற்றுக்கு வழியில்லை. அதனால் முதலில் ஒரு துண்டு பிளைவுட்டில் ஓட்டிப் பார்த்தேன். குழந்தையின் பெயர் கறுகறுவென்று அழகாக விழுந்தது. ‘தாய்மாமன்’ என்பதில் பாதியிலேயே கருப்பு வெளிறத் தொடங்கி, அவர் பெயர் வரும் இடத்தில் பலகை வெறும் பலகையாகவே இருந்தது. இரண்டாவது முறையும் அதே கதைதான். அவர் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம்பேரு விழுகலயாக்கா? பரவாயில்ல, விடுங்க. புள்ள பேரு இருந்தாப் போதும்.”

அவர் சொன்ன விதம் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கோபமும் வந்தது. மிஷின் விற்ற கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். இந்த வாரம் ஆள் வர முடியாது என்று சொல்லிவிட்டு, நானே செய்து பார்க்கும்படி ஒரு வழி சொன்னார்கள். கண்ணாடிகளின் கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வழி அது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயமே தெரிந்தது. மிஷினில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியுமே, அதைத்தான் நான் இத்தனை நாளும் லேசர் என்று நினைத்திருந்தேன். அது வெறும் அடையாள விளக்காம். பலகையைச் சுடுகிற உண்மையான லேசர் கண்ணுக்கே தெரியாதாம்! பின்னால் இருக்கும் குழாயிலிருந்து கிளம்பி, ஒரு கண்ணாடியில் பட்டு, அங்கிருந்து அடுத்த கண்ணாடிக்குத் திரும்பி, கடைசியில் ஓடுகிற தலைப்பகுதிக்கு வந்து கீழே இறங்குகிறது. இது எதுவுமே தெரியாமல் அதோடு குப்பை கொட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தலைப்பகுதியில் லேசர் நுழைகிற துளையில் பேப்பர் டேப் ஒட்ட வேண்டும். மூடியைச் சாத்தி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பட்டனை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். டேப்பில் ஒரு கருகல் விழும். தலையை இடது ஓரத்தில் நிறுத்தி ஒன்று, வலது ஓரத்தில் நிறுத்தி ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

இடது ஓரத்தில் கருகல் புள்ளி துளையின் நடுவில் விழுந்தது. வலது ஓரத்தில் துளையை விட்டே கீழே இறங்கிப் போயிருந்தது. கிட்டத்தில் இருக்கும்போது தெரியாத சாய்வு, தூரம் போகப் போகப் பெரிதாகியிருக்கிறது. ஓடுகிற தண்டவாளத்தின் இடது முனையில் இருக்கிற கண்ணாடியின் பின்னால் மூன்று திருகுகள் உண்டு. ஒன்றை லேசாகத் திருகினேன், புள்ளி நான் நினைத்ததற்கு நேர் எதிராக நகர்ந்தது. இன்னொன்றைத் திருகினேன், பக்கவாட்டில் போனது. எனக்குச் சாப்பாட்டு நினைவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திருகாணியால் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே ஒரு மாதிரி போதையாக இருந்தது. பேரையூர்க்காரரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இப்ப மேல ஏறிருச்சுக்கா” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆனால் ஒன்று மட்டும் உதைத்தது. புள்ளி வட்டமாக இல்லாமல் இழுவிய மை போல மங்கலாக விழுந்தது. “மட்டமான கண்ணாடியத் தலையில கட்டிட்டானுங்க. இருக்கு அவனுங்களுக்கு!” என்று மறுபடியும் போனை எடுத்தேன்.

அப்போதுதான் ஓரகத்தி என் கையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, போன் போடாதீங்க. அந்தக் கண்ணாடிய நான்தான் கழட்டுனேன். பூசைக்கு எல்லாத்தையும் துடைச்சேன்ல, அது மட்டும் மங்கலா இருந்துச்சு. அதான் திருநீறு போட்டுத் தேய்ச்சேன்.”

நம் வீடுகளில் வெள்ளி விளக்கையும் குத்துவிளக்கையும் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்போம் இல்லையா? நிலைக்கண்ணாடிக்குக்கூட அதுதான். அதே பக்தியோடு லேசர் கண்ணாடியையும் தேய்த்து, சற்றே கோணலாகத் திரும்ப மாட்டியிருக்கிறாள். கழற்றிப் பார்த்தேன். சட்டத்தின் இடுக்கிலெல்லாம் வெள்ளை வெளேரென்று திருநீறு, கண்ணாடியின் முகத்தில் மெல்லிய கீறல்கள், ஓரத்தில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு வேறு.

நான் கத்தப் போகிறேன் என்று அவள் ஒதுங்கி நின்றாள். என் வாய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் பேரையூர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்.

“நாங்க டிராக்டருக்குப் பொட்டு வச்சப்ப டிரைவர் பாக்குற கண்ணாடியிலயே வச்சுப்புட்டோம்க்கா. ரோடே தெரியல!”

அதன் பிறகு யாரால் கோபப்பட முடியும்? மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நல்ல வேளையாக, மிஷினோடு வந்த பெட்டியில் உபரிக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதை மாட்டி, முதலிலிருந்து டேப் ஒட்டினோம். நான் கையை எடுத்து, மூடியைச் சாத்திய பிறகே பட்டனைத் தட்டினாள் ஓரகத்தி. இந்த முறை புள்ளி குண்டூசித் தலை மாதிரி சுத்தமான வட்டம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திருகி, கடைசியில் வலது ஓரத்துப் புள்ளியும் இடது ஓரத்துப் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தபோது நான் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினேன்.

பிளைவுட்டில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தேக்குத் தட்டை உள்ளே வைத்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டார். பார்க்கப் பயமாக இருந்திருக்கும். குழந்தை பெயர் முடிந்தது, ‘தாய்மாமன்’ முடிந்தது, அவருடைய பெயரின் கடைசி எழுத்தும் அதே கருப்பில் விழுந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒரே ஆழமா இருக்குக்கா. வாரேன்.” தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் மதியம் பேரையூர்க்காரரிடமிருந்து போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

“தங்கச்சிதேன் தட்ட வாங்குச்சுக்கா. பட்டுப்பாவாடைய லேசா நகட்டிட்டு, அங்கனயே நின்னு பேரப் படிச்சுச்சு. படிச்சுட்டு, ‘உள்ள வாண்ணே’ன்னுச்சு. அம்புட்டுத்தேன்.”

“நீயே கேளு” என்று போனை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த லேசரை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் மிஷினில் யாருடைய பெயர் ஓடினாலும், அது சேர வேண்டிய இடம் வரைக்கும் போய்ச் சேர்கிறதா என்று என் கண் வலது ஓரத்துக்குத்தான் முதலில் போகிறது.