மூலைக் கட்டிலின் சிவப்பு

நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பதில் மயிலம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. திருச்செங்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் வார்டுக்கு அவள்தான் மூத்த நர்ஸ். பள்ளிபாளையத்திலிருந்து பேருந்தில் வருவாள். அவள் பணியில் இருக்கும்போது வார்டில் ஒருவரும் விழுந்ததில்லை. அந்தப் பெயர் கெடக்கூடாது என்பதில் அவள் வெகு கவனம்.

புதிதாக வந்த ஏஐ ஏற்பாடு அவளுக்கு ஆகாமல் போனதும் அதனால்தான்; தன் வார்டில் யார் விழுவார் என்று ஓர் இயந்திரமா தனக்குச் சொல்வது? ரத்த அழுத்தம் போன்ற அளவுகளை வைத்து யார் விழக்கூடும் என்று அது கணக்குப் போட்டு, அந்தக் கட்டிலைத் திரையில் சிவப்பாகக் காட்டும். வந்த புதிதில் பாதி வார்டைச் சிவக்க வைத்தது. ஓடி ஓடிப் பார்த்து அலுத்த நர்சுகள், ‘பார்த்தாச்சு’ என்று அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் பழகினார்கள்.

அன்று காலை மூலைக் கட்டில் சிவந்தது. அது எடப்பாடிப் பக்கத்து விவசாயி நாச்சிமுத்துவின் கட்டில். நிமோனியா தேறி, மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவர்.

“அக்கா, நாச்சிமுத்து ஐயாவுக்குச் செவப்பு காட்டுதுங்க” என்றாள் இளைய நர்ஸ் தமிழினி.

“அவரா? நம்ம ரெண்டு பேத்தையும் தூக்கிக்கிட்டு நடப்பாரு” என்று மயிலம்மாள் பார்க்காமலே அழுத்தினாள்.

மதியம் மயிலம்மாள் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து எழுந்தார்.

“இருங்கய்யா, கையப் புடிச்சுக்கறேன்.”

“கையப் புடிக்க ஊட்டுக்காரி இருக்கறா, அம்மிணி. கக்கூசுக்குத்தான போறேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, முகம் வெளுத்து முழங்கால் மடங்கியது. மயிலம்மாள் பாய்ந்து தோள் கொடுத்தாள். இருவரும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் தோள் பிசகியது.

அவரைக் கட்டிலில் ஏற்றி அளந்தபோது, ரத்த அழுத்தம் படுத்திருக்கையில் பரவாயில்லை. உட்காரவைத்ததும் மளமளவென்று இறங்கியது. பழைய அளவுகளை மயிலம்மாள் வரிசையாகப் பார்த்தாள். வேளைக்கு வேளை குறைந்துகொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு நர்சும் தன் வேளை அளவை மட்டும் பார்த்து, சரி என்று போயிருக்கிறாள்.

“சாப்பாட்டுத் தட்டு காலியாத்தானுங்க வந்துது?” என்றாள் தமிழினி.

நாச்சிமுத்துவின் மனைவி சென்னியம்மாள் முந்தானையைத் திருகினாள். “ஊர்ல கோயில் நோம்பி சாட்டிட்டாங்க, சாமி. இவரு ஒருசந்தி. பொழுது சாஞ்சாத்தான் ஒருவேளை சாப்புடுவாரு.”

“அப்பக் காலையில வெச்ச இட்லி?”

“நாந்தான் தின்னேன். சோத்த வீணாக்கலாமுங்களா?”

“பிரஷர் மாத்திரை?” என்றாள் மயிலம்மாள்.

“அத உடுவனா?” என்றார் நாச்சிமுத்து பெருமையாக. “வெறும் தண்ணியில டக்குனு போட்டுக்குவேன்.”

தமிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மயிலம்மாளுக்கு வரவில்லை. நோம்பி அந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் ஆள் சரிந்துகொண்டிருந்தது அதற்குத் தெரிந்திருந்தது. காலையிலேயே வந்து நின்று, ஏன் என்று கேட்டிருக்க வேண்டியவள் அவள்.

நடந்ததை நடந்தபடியே மேட்ரனிடம் சொன்னாள், தான் பார்க்காமல் அழுத்தியது உட்பட. டாக்டர் வந்து மாத்திரையைக் குறைத்தார். விரதத்தை விடச் சொன்னதற்கு மட்டும் நாச்சிமுத்து அசையவில்லை.

மயிலம்மாள் வாதாடவில்லை. “பாலு, பழம் ஆகுமுங்களா?”

“அது ஆகும்.”

“அப்ப வேளாவேளைக்கு என் முன்னாடி பாலு குடிக்கோணும். நாளைக்கு ஊட்டுக்குப் போக முடியாதுங்க.”

“அவ இட்லி தின்னதுக்கு எனக்குச் செறையா?”

“பேசாமக் குடிங்க” என்று சென்னியம்மாள் பால் டம்ளரை அவர் வாயருகே நீட்டினாள்.