தீபாவளிக் காசு வாங்காத வருடம்

1. தலையில் எண்ணெய்

தீபாவளி விடிந்தபோது எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழத்தெருவில் குளித்து முடித்துப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டுத்தெருவில் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றார்கள். பேரூராட்சியின் செயல் அலுவலர் என்னைப் போனில் அழைத்து, எடுத்த எடுப்பில் கேட்டார்.

"என்னம்மா ஜெயராணி, நல்ல நாளும் அதுவுமா ஸ்ட்ரைக் பண்றீங்களா?"

"இல்ல சார். தண்ணிய நாங்க நிறுத்தல. காசு வாங்குறதத்தான் நிறுத்தினோம்."

"எந்தக் காசு?"

அந்தக் காசைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நான் ஃபிட்டராக இருந்து சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவள். குடிநீர்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "ஒங்களுக்கெல்லாம் எப்படிக்கா வேலை பெர்மனன்ட் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் லீக் அடைக்க நேரம் இருக்காது. அதனால் எழுதிவிட்டேன்.

2. இரண்டு தட்டு

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் உள்ள பேரூராட்சி. ஆற்றில் உறைகிணறு. அங்கிருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு வந்து, பிறகு தெருத்தெருவாகப் பிரியும். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் விட்டால் பள்ளத்தில் இருக்கும் கீழத்தெருவுக்கே எல்லாம் போய்விடும். அதனால் முறை வைத்து ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூட வேண்டும். அந்த வேலை பாண்டியண்ணனுடையது. மோட்டார் அறை தங்கவேலுடையது. குழாய் உடைந்தாலோ, புது இணைப்புக் கொடுத்தாலோ என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். பொம்பளப் பிள்ளை பைப் ரெஞ்சைப் பிடித்தால் எவன் கட்டுவான் என்று உறவில் கேட்டார்கள். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிற ஒருவர் கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் ரெஞ்ச் இரண்டு.

ஆபீஸில் ஃபிட்டர் இடம் காலியாகத்தான் இருந்தது. வால்வு ஆள் இடமும் மோட்டார் ஆள் இடமும் அப்படியே. இடங்கள் காலி, ஆனால் வேலை மட்டும் தினமும் நடந்தது. மூன்று பேரும் தினக்கூலி மஸ்தூர் என்ற பெயரில் பல வருடங்கள் ஓட்டினோம். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவில் போன் வந்து நான் எழுந்து ஓடியது எத்தனையோ முறை. ஒரு தடவை சாமியாரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, எந்தத் தெருவில் லீக் என்று கேட்டார். அவர் பங்களாவுக்கும் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லையாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் நாங்கள் மூவரும் வீடு வீடாகப் போவது வழக்கம். பாண்டியண்ணன் தோளில் நீளமான இரும்பு வால்வு சாவி இருக்கும். வாசலில் நின்று அதைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். வாயால் கூப்பிட மாட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர்கள் காசோ பலகாரமோ கொண்டுவந்து கொடுப்பார்கள். நிறையப் பேர் பிரியமாகத்தான் கொடுத்தார்கள். சிலர் வெயிலில் காக்க வைத்துக் கொடுத்தார்கள். சிலர் நோட்டை நீட்டிக்கொண்டே, "எங்க தெருவுக்குக் கொஞ்சம் கூட விடு" என்று சொன்னார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இதென்னண்ணே, குடுகுடுப்பைக்காரரு மாதிரி வாசலுக்கு வாசல்?" என்று அவரிடம் சண்டை பிடிப்பேன்.

"ஒனக்கு வீட்டுக்காரரு சம்பாரிக்காரு. ரோசம் வருது. எனக்குப் பேரப்பிள்ளைக துணிமணி இதுலதான் ஆத்தா" என்பார்.

3. ஊரே படியளக்குது

பாண்டியண்ணனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் காலமுறை ஊதியத்தில், அதாவது நிரந்தர வேலையில், சேர்க்கச் சொல்லிப் பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட வேண்டும், அதை மேலிடத்துக்கு அனுப்பி ஆணை வாங்க வேண்டும். அவர் வேலையில் இருக்கும்போதே ஆணை வந்தால், வீட்டுக்குப் போகும்போது கையில் ஏதாவது மிஞ்சும். இல்லையென்றால் ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. எனக்கும் தங்கவேலுக்கும் வயது இருந்தது. அவருக்குத்தான் இல்லை.

மூன்று பேரும் பேரூராட்சித் தலைவரைப் பார்க்கப் போனோம். தேங்காய் மண்டி வைத்திருப்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை மெயின் பைப் உடைந்தபோது வேட்டியை மடித்துக்கட்டி எங்களோடு குழிக்குள் இறங்கியவர். ஆனால் சம்பளம் என்று வாயைத் திறந்தால் அவருக்குக் காது கேட்காது. அறையில் நாலைந்து கவுன்சிலர்களும் இருந்தார்கள்.

"சம்பளம் பத்தலங்கிறீக, சரி" என்றார். "தீபாவளி பொங்கல்னா ஊரே ஒங்களுக்குப் படியளக்குதே. எனக்கு யாரு தர்றா, சொல்லுங்க பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிப் பழகிய பாவத்துக்குப் பாண்டியண்ணனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப எங்களுக்கு முதலாளி பேரூராட்சியா, தெருவா தலைவரே?" என்றேன்.

"கோவப்படாத தாயி. நிதி வரட்டும், பாப்போம்."

இந்த 'பாப்போம்' எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். இந்த வருடம் யார் வீட்டிலும் காசு வாங்க வேண்டாம் என்றேன். தங்கவேல் உடனே சரி என்றார். பாண்டியண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"இதுவும் போயி அதுவும் வரலன்னா?" என்றார்.

பிறகு அவரே டம்ளரைக் கீழே வைத்தார். "சரி விடு. ஒரு வருசம் பிள்ளைக பழைய துணியில வெடி போடட்டும்."

4. சொல்லாமல் விட்டது

இங்கேதான் நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு மடத்தனம் செய்தோம். காசு வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோமே தவிர, தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரைக் குத்திக்காட்டுவது போல இருக்கும், பேசாமல் இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்தோம்.

ஊர் வேறு மாதிரி நினைத்தது. வருடா வருடம் தட்டுகிற சாவி அன்றைக்கு எந்த வாசலிலும் தட்டவில்லை. மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பெண் குரல் சுற்ற ஆரம்பித்தது. "வால்வுக்காரக யாரும் வரல. ஆபீசுல சண்டையாம். நாளைக்குத் தண்ணி விடமாட்டாகளாம். பிடிக்கிறத இன்னைக்கே பிடிச்சு வச்சுக்கங்க." யார் குரல் என்று இன்றுவரை தெரியாது. என் நாத்தனாரே அதை எனக்கு அனுப்பி, உண்மையா என்று கேட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் முறை பார்க்காமல் எல்லாத் தெருவுக்கும் சேர்த்துத் திறந்துவிடுவதும் எங்கள் ஊர் வழக்கம். அப்படியே திறந்தோம். குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரம்பின. கீழத்தெருவில் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். ஒரு வீட்டில் சிமென்ட் கலக்கும் தொட்டியைக் கழுவி அதிலும் பிடித்து வைத்திருந்தார்கள். தங்கவேல் மோட்டாரை நிறுத்தவே இல்லை. ஏறியதைவிட இறங்கியது அதிகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் ஊர் அரண்டதில் தொட்டி காலியானது.

5. மேட்டுத்தெரு

மறுநாள் காலையில் செயல் அலுவலரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "மொதல்ல தண்ணிய விடுங்க, மத்தத அப்புறம் பேசுவோம்" என்றார்.

பாண்டியண்ணன் தலையில் எண்ணெயோடு ஓடிவந்தார். மேட்டுத்தெருவைத் தவிர மற்ற எல்லா வால்வையும் மூடினார். வேறு நாளாக இருந்தால் கீழத்தெருக்காரர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள். அன்றைக்கு வீட்டில் நடக்க இடமில்லாமல் தண்ணீர் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. தொட்டியில் ஏறும் தண்ணீர் முழுவதும் மேட்டுத்தெருவுக்கே போக வழி செய்தாயிற்று. அது வந்து சேரும்வரை என்ன செய்வது? நான் கீழத்தெருவுக்குப் போய், மேட்டுத்தெருவுக்கு ஆளுக்கு ரெண்டு குடம் கொடுங்கள் என்று கேட்டேன். முந்தின நாள் பயந்தவர்களுக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். புதுச் சேலை, புது வேட்டியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள்.

மேட்டுத்தெருவில் ராக்கம்மா இருந்தார். எங்களுக்கு எப்போதும் முதல் காசு தருகிற வீடு அவருடையது. முதல் திட்டும் அங்கேதான் கிடைக்கும். நெற்றியில் எண்ணெய் வடிய என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏண்டி ஜெயராணி, வருசா வருசம் தட்டுற சாவி இந்த வருசம் ஏன் தட்டல? எங்க வீட்டுக் காசு ஒங்களுக்குக் கசக்குதோ?"

"கசக்கல பெரியம்மா. நீங்க தர்ற காசக் காட்டித்தான் எங்களுக்குச் சம்பளம் இல்லங்கிறாக. ஊரே படியளக்குது, ஒங்களுக்கு எதுக்குன்னு கேக்குறாக. பாண்டியண்ணன் இன்னும் கொஞ்ச நாள்ல வெறுங்கையோட வீட்டுக்குப் போகப் போறாரு."

ராக்கம்மா கண்ணுக்குள் இறங்கிய எண்ணெயை முந்தானையால் துடைத்தார். "அப்படியா சொன்னாக?" என்றார். "நாங்க நல்ல நாளுக்குப் பிரியமாக் குடுக்கிறோம். அதத் தூக்கிச் சம்பளக் கணக்குல போடச் சொன்னது யாரு? அது கெடக்கட்டும், இத நேத்தே வந்து தட்டிச் சொல்லியிருந்தா நான் இப்படி எண்ணெய் வடிய நிக்கணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சொட்டுச் சொட்டாகத் தொடங்கிய குழாயில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வேகம் பிடித்தது. ராக்கம்மா என் கையை விட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றைக்கு மத்தியானமே நாங்கள் மூவரும் வீடு வீடாகப் போனோம். பாண்டியண்ணன் இரண்டு தட்டுத் தட்டினார். வீட்டுக்காரர்கள் வந்ததும் காசு வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னோம். இது காசு கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

6. மன்றக் கூட்டம்

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு மேட்டுத்தெருப் பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். கீழத்தெருவில் இருந்தும் வந்தார்கள். நாங்கள் கூப்பிடவில்லை. தலைவர் ஆரம்பத்திலேயே, "தீபாவளி அன்னைக்கி ஊரத் தவிக்க விட்டுட்டாக" என்று எங்களைப் பிடித்தார். கதவருகில் நின்ற ராக்கம்மா அங்கேயிருந்தே பேசினார்.

"தலைவரே, தீபாவளிக்கு எம் மருமக பெறந்த வீட்டுல இருந்து எங்களுக்கு அதிரசம் வருது, முறுக்கு வருது. அதுக்காக எம் மகன் பொண்டாட்டிக்கு வருசம் பூராவும் சோறு போடாம இருக்கானா?"

கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்தவருக்கு அதற்கு மேல் முறைத்துக்கொள்ள முடியவில்லை. செயல் அலுவலரைப் பார்த்து, இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

"மூணு இடமும் காலியாத்தான் இருக்கு சார். தீர்மானம் போட்டா அனுப்பலாம்."

"அப்ப போடுங்க. இந்தம்மா அடுத்த கூட்டத்துக்கும் வந்துரும் போலருக்கு."

தீர்மானம் போட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தேனியில் உள்ள மாவட்ட ஆபீஸுக்குப் பஸ் ஏறி, மேஜைக்கு மேஜை நின்று, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததையே திரும்ப எழுதிக் கொடுத்து அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது பாண்டியண்ணன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் அவருக்கு அறுபது முடிவதற்கு முன்பே ஆணை வந்தது. சில மாதங்கள்தான் அந்தச் சம்பளம் வாங்கினார். முதல் மாதம் பாங்கில் இருந்து வந்த மெசேஜை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படி என்றார்.

அதே ஆணையில் எனக்கு ஃபிட்டர் பதவியும் வந்தது. எங்கள் பேரூராட்சியில் அந்த வேலையில் முதல் பெண் நான்தான். என் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லைப் பார்த்த அன்றைக்கு அழுதேன். தங்கவேல் கேட்டதற்கு, பிளீச்சிங் பவுடர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இப்போது வந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பமும் போயிருக்கிறது. தேனிக்குப் போகும்போது நானும் கூடப் போகிறேன். எந்த மேஜையில் எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்பது எனக்கு இப்போது அத்துப்படி. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கூலியைக் கொடுக்க வேண்டியவரிடம் கேளுங்கள். தெரு கொடுப்பது பிரியம், அதைக் கூலியோடு சேர்த்து அளக்க யாரையும் விடாதீர்கள். எதைச் செய்தாலும் தெருவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நம் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் நம் பக்கம் நிற்பார்கள்.

பாண்டியண்ணன் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் தீபாவளி. முந்தின நாள் சாயங்காலம் வெள்ளை வேட்டி சட்டையில் ஆபீஸுக்கு வந்து, வால்வு சாவியைக் கொஞ்ச நேரம் கொடு என்றார். இன்னொரு கையில் பெரிய துணிப்பை. எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கூடப் போனேன். மேட்டுத்தெருவில் ராக்கம்மா வீட்டு வாசலில் நின்று பாண்டியண்ணன் இரண்டு தட்டுத் தட்டினார்.

ராக்கம்மா மடித்த நோட்டோடு வெளியே வந்தார். "காசு வாங்க மாட்டோம்னீகளேப்பா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீகளா?"

பாண்டியண்ணன் பையில் இருந்து ஒரு ஸ்வீட் பெட்டியை எடுத்து நீட்டினார். "காசுக்கு வரல ஆத்தா. இந்த வாசல்ல வாங்கியே பழகின கை. ஒரு தடவ குடுத்துப் பாக்கணும்னு ஆச."

ராக்கம்மா நோட்டை இடுப்பில் செருகி, கையை முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாங்கள் அடுத்த வாசலுக்கு நடந்தோம். பையில் இன்னும் நிறையப் பெட்டிகள் இருந்தன.