பெட்டிக்கடைக்கு ஃபைபர் போட்ட கதை

ஐந்தருவிக்குப் போகிற வழியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்ப் பாக்கெட், துண்டு விற்கும் மாடத்திக்குச் சாரல் என்றாலே எரிச்சல். ஊர் உலகமெல்லாம் நனைவதற்கென்றே குற்றாலம் வருகிறது. அவளுக்கோ பிளைவுட் பெட்டிக்குள் குறுகி உட்கார்ந்தே பாதி ஆயுசு போய்விட்டது. சீசன் முழுக்கத் தலைக்கு மேல் ஒழுகும், முட்டி விறைத்துப்போகும். கடையை மூடிவிட்டுத் திருவேங்கடத்தில் தங்கச்சி வீட்டுப் பக்கம் போய்விட வேண்டும். அங்கே மழைக்கு ஏங்கிக் கிடப்பார்கள். அந்தக் காய்ந்த பூமிதான் அவளுக்கு வேண்டும்.

புருஷன் அய்யாக்குட்டி ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. "பெட்டி விழட்டும்ட்டி, அன்னைக்கே மூடிருவோம்" என்பார். மனுஷன் சொன்ன சொல் மாறமாட்டார். அதனால் கோடைமழையில் பின்பலகை ஊறியபோது மாடத்தி மூச்சுவிடவில்லை. வெளியே வெயிலில் காய்ந்து தெரிந்தது. உள்ளே ரேக்குக்குப் பின்னால் தொட்டால் விரல் நனைந்தது. மனசுக்குள் சந்தோஷம் பொங்கியது.

அந்த நேரம் பார்த்து பட்டாளத்திலிருந்து லீவில் வந்தான் மகன் விஜய்பாண்டி. அம்மா நனைவது பொறுக்காமல், ஷார்ஜாவில் படகு கட்டிய தென்காசி ரபீக்கைக் கூட்டிவந்து நிறுத்தினான். "படகுக்குப் போடுத ஃபைபரும்மா. இனி ஒரு சொட்டு இறங்காது."

பெற்ற பிள்ளை பாசத்தோடு செய்வதை எப்படித் தடுப்பாள்?

ரபீக் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். "உள்ள எங்கயும் ஈரம் இல்லயேக்கா? ஈரத்தோட மூடுனா உள்ளுக்குள்ளயே அழுகிரும். வெளிய தெரியாது."

"இல்ல தம்பி." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

ரெசின் பசையை வாளியில் ஊற்றி, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் பாட்டிலைத் திறந்தான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம், பாவி. "ஊருல இதாங்க்கா மொத வேலை. நல்லா வந்தா இங்கன நாலு கடைக்காரவுக வேலை தாரேன்னு சொல்லியிருக்காவ. இல்லேன்னா திரும்ப பிளைட் ஏறணும். எங்க வீட்டுல மிஸ்ரியா பாஸ்போர்ட்ட ஒளிச்சு வச்சிருக்கா."

மாடத்திக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதையெல்லாம் யார் கேட்டார்கள்? அவன் கையிலிருந்த பாட்டில் வாளிப் பக்கம் சரிந்தது. இது கலந்துவிட்டால் நிறுத்த முடியாது, கெட்டியாகிவிடும்.

"ஊத்தாத தம்பி. பின்பலகை ஈரமா இருக்கு."

ஊறிய பலகையைக் கழற்றிப் புதிதாக அடித்தார்கள். ஃபைபர் விரித்து, ரெசின் தடவி, காயக் காய மறுபடி தடவி, கடைசியில் பச்சைப் பெயின்ட். பெட்டி பளபளவென்று நின்றது.

சாரல் பிடித்துக்கொண்டது. உள்ளே சொட்டு இறங்கவில்லை. ரபீக் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூட்டிவந்து, மாடத்தி உள்ளே இருக்கும்போதே சுவரில் ஓங்கிக் குத்திக் காட்டினான். "பாத்தியளா? யாரு நெனச்சாலும் இது விழாது." அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளுக்கு அவனை வாழ்த்தவும் தோன்றியது, ஓவென்று அழவும் தோன்றியது.

"கேட்டியாட்டி?" என்றார் அய்யாக்குட்டி பெருமையாக.

"கேட்டேன். பெட்டி இனி விழாது. நான்தான் விழணும்."

அவள் கேலி பேசுகிறாள் என்று நினைத்து எல்லோருமே சிரித்தார்கள்.